இடது பின்புறம்

மஸ்கெலியா பஸ்ஸில்
சப்வூஃபருக்கும் ஒரு டிக்கட் கிழித்தார் கண்டக்டர்.
மடியில்தான் வைத்திருந்தேன்,
இருந்தும் கிழித்தார்.
"ஒங்கள விட அது பாரம் தம்பி."
சரிதான். பதினெட்டுக் கிலோ,
பதினோரு மாதச் சம்பளத்தில் தின்னாமல் வைத்த மிச்சம்.

லயத்தில் என் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு.
நாடாவை விரித்து நாலு தரம் அளந்தேன்,
ஒரு அங்குலம்கூட மனமிரங்கவில்லை சுவர்.
முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, தரையில் ஒன்று
என்கிறது பெட்டிக்குள் மடித்து வந்த தாள்.
அதை வரைந்தவன்
கதவும் அடுப்பும் கட்டிலும்
ஒரே மூலைக்குச் சண்டை பிடிக்கும் வீட்டில்
ஒரு ராத்திரியும் படுத்திருக்க மாட்டான்.

பனி இறங்கினால் ஸ்பீக்கர் தாளில் பூஞ்சணம் பூக்கும்.
ஆம்புக்குப் பின்னால் அறுபது வோட்ஸ் பல்பு ஒன்றை
எந்நேரமும் எரிய விடுகிறேன்,
கோழிக்குஞ்சுக்கு வைப்பதுபோல.
பெக்டரியில் காற்றாடிகள் சுழலத் தொடங்கினால்
அந்தப் பல்பு சிவந்து சுருங்கும்.
அப்போது வில்லன் குரலும் கொஞ்சம் பயப்படும்.

வலது பின்புறம் சாமிப் படத்தருகே ஏறிவிட்டது.
இடது பின்புறம் வர வேண்டிய இடத்தில்
சுவர்.
சுவருக்கு அந்தப் பக்கம்
கொழுந்து லொறி ஓட்டும் சூசைமுத்து.

லயத்துச் சுவர் கூரையைத் தொடுவதில்லை.
எவனோ ஒரு துரை மூன்று வரிக் கல்லை மிச்சம் பிடித்த இடைவெளியில்
புகை போகும், சண்டை போகும்,
கருவாட்டு வாசம் வரும்.
வயர் போகாதா?

"வாடகை என்னா தருவ?" என்றான் சூசைமுத்து.
மாதம் ஒரு டின்மீன்.
அவன் ஜெபமாலை சொல்லி முடிக்கும்வரை மியூட்.
பேசி முடித்தோம்.
அவனுடைய தகரப் பெட்டிமேல் உட்கார்ந்தது ஸ்பீக்கர்.
அன்றைக்கே அதன் தலையில்
ஈரத் தொப்பியைக் காயப் போட்டான்.

பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்.
தேத்தண்ணிக் கடையில் கேட்டான்:
"அந்தப் படத்துல அந்தாளு யாரு?"
எந்தாளு?
"கதவ சாத்திக்கிட்டே இருக்கானே.
ரெண்டு தரம் படார்னு.
கடைசில ஒருக்கா, மெதுவா."

ஏழு தடவை பார்த்த படம்.
கார் பறக்கும் இடத்தில் அதிர்வு போதாதென்று
வோல்யத்தை அரைப் புள்ளி அரைப் புள்ளியாய்த் திருகியவன் நான்.
அதில் கதவே கிடையாது என்றேன்.
"ஒங்க வூட்ல இல்ல" என்று சிரித்தான்,
"எங்க வூட்ல இருக்கு."

நோர்வூட் பக்கம் லொறி மண்ணில் இறங்கி
அவன் வராத ராத்திரி.
படத்தை ஓட விட்டு
அவன் காம்பராவுக்குப் போய்ச்
சாக்கில் உட்கார்ந்தேன்.

தூறல். ஏதோ பறவை.
யாரோ சப்பாத்தோடு கடந்துபோகும் சரளைக்கல்.
நாயகன் பெயர்கூட அந்தப் பக்கம் வரவில்லை.
கதவு.
வெகுநேரம் கழித்துக் கதவு.
பிறகு,
தூங்குகிறவரை எழுப்பிவிடாத கையால்
மெதுவாக, கதவு.

நிமிர்ந்தேன்.
மூன்று வரிக் கல் இல்லாத இடைவெளியில்
என் வீட்டு வெளிச்சம் கூரைத் தகரத்தில் நீலமாக ஆடியது.
உள்ளே யாரோ அழுதார்கள், வயலின் வந்தது,
ஒரு கூட்டமே குடியிருப்பதுபோல் இருந்தது.
வெளியே இருந்து
ஒரு நாளும் கேட்டதில்லை நான் என் வீட்டை.

தொப்பியை
அவன் வைத்தபடியே திரும்ப வைத்துவிட்டு வந்தேன்.

இந்த மாதம் டின்மீன் இரண்டு.